எலும்பு வளையாது, பலகை வளையட்டும்

1937ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள ஹூட் மலை. ஹியால்மார் ஹ்வாம் என்ற பனிச்சறுக்கு வீரர் அங்கே விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் நார்வேயில் பிறந்தவர். போர்ட்லந்து நகரில் குடியேறிப் பல பந்தயங்களில் வென்றவர். நீண்ட மரக்கட்டையோடு அவருடைய பூட்ஸ் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. கட்டை ஒரு பக்கம் திரும்பியது, கால் அதிலிருந்து விடுபட முடியவில்லை, எலும்பு உடைந்தது.

மருத்துவமனையில் மயக்க மருந்து தெளிந்ததும் அவர் கேட்டது தண்ணீரை அன்று. தாளும் பென்சிலும் கேட்டார். படுத்தபடியே ஒரு படம் வரைந்தார். பூட்ஸின் முனையைப் பிடித்துக்கொள்ளும் ஓர் உலோகத் துண்டு அது. சாதாரண ஓட்டத்தில் அசையாமல் நிற்கும். காலை அளவுக்கு மீறி ஏதேனும் முறுக்கினால் பக்கவாட்டில் திரும்பி, பூட்ஸை விட்டுவிடும். தானே கழன்றுகொள்ளும் காற்பூட்டு இவ்வாறு ஒரு நோயாளியின் கட்டிலில் பிறந்தது.

பனியைக் கண்ணால் காணாத நமக்கு இந்தக் கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். பனிச்சறுக்கின் வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழல்கிறது. மனிதன் பிழை செய்வான், அது உறுதி. அந்தப் பிழைக்கு உரிய விலையைக் கொடுப்பது கருவியா, எலும்பா? காயம் பட்டு, குணமாகி, மீண்டும் பனிமேல் ஏற விரும்பும் ஒருவர் எத்தகைய பலகையை வாங்கவேண்டும் என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. எடை, சாலை, இயந்திரம் ஆகியவற்றோடு வாழும் நமக்கும் அது பயன்படும்.

இறுக்கிக் கட்டியதன் விலை

ஸ்கி எனப்படும் சறுக்குக் கட்டைகள் பல ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை. பனி மூடிய நாடுகளில் அவை விளையாட்டுப் பொருள் அல்ல, நடைவண்டி. கால்விரல் பகுதியை மட்டும் ஒரு வாரில் நுழைத்துக்கொண்டு நடப்பார்கள். குதிகால் கட்டுப்படாமல் இருக்கும். விழுந்தால் கால் எளிதாக வெளியே வந்துவிடும். ஆனால் சரிவில் வேகமாக இறங்கும்போது கட்டையைத் திருப்ப முடியாது.

நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்ற சிற்றூர் உண்டு. அங்கு 1825இல் பிறந்த சோந்ரே நூர்ஹெய்ம் என்ற ஏழை உழவர் இதற்கு ஒரு வழி கண்டார். முறுக்கிய மரக்கொடிகளைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, காலையும் கட்டையையும் ஒன்றாக்கினார். கட்டையின் இடையைச் சற்றே குறுக்கி, முன்னும் பின்னும் அகலமாக விட்டார். 1868இல் தலைநகர் கிறிஸ்டியானியாவில் நடந்த போட்டிக்கு அவர் வந்தபோது வயது 42. இளைஞர்களை எல்லாம் வென்றார். இன்று உலகில் விற்கும் ஸ்கிகளும் ஸ்னோபோர்டுகளும் அந்த இடைக் குறுக்கத்தின் வழித்தோன்றல்களே.

குதிகாலை இறுக்கியதால் கட்டுப்பாடு வந்தது. கூடவே ஆபத்தும் வந்தது. ஏன் என்று ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

கதவைத் திறக்கும்போது கீலுக்கு அருகில் தள்ளினால் கடினம், விளிம்பில் தள்ளினால் எளிது. விசையை அது செயல்படும் தொலைவால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். ஸ்கியின் முனை காலிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்போம். அந்த முனை பனியில் சிக்கி, 15 கிலோகிராம் எடைக்குச் சமமான பக்க விசை அதில் விழுகிறது. ஒரு சிறுவன் தள்ளும் தள்ளுதான். ஆனால் அதே முறுக்கத்தை, காலின் அச்சிலிருந்து 5 செ.மீ. தொலைவில் பிடித்து உண்டாக்க வேண்டுமானால் 300 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும்! ஸ்கி ஒரு நெம்புகோல். நெம்பப்படும் பொருள் நம் கீழ்க்கால் எலும்பு.

ஹ்வாம் வரைந்த படம் இந்த நெம்புகோலை உரிய நேரத்தில் துண்டித்தது. பின்வந்தோர் அதை மேம்படுத்தினர். 1972இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ராபர்ட் ஜான்சன் என்ற எலும்பு மருத்துவரும், கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி ஆகியோரும் ஒரு பனிச்சறுக்குத் தளத்தில் நேரும் காயங்களை ஆண்டுதோறும் எண்ணி ஆராயத் தொடங்கினர். கீழ்க்கால் எலும்பு முறிவுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தன. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் 1980களில் வேறொரு காயம் பெருகியது. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன்புற இணைப்பு நார் அறுந்துபோகும் காயம் அது. காற்பூட்டு எலும்பைக் காத்தது. உயர்ந்த, விறைப்பான பூட்ஸ் கணுக்காலையும் காத்தது. விசை மேலே ஏறி முழங்காலைத் தேடிக்கொண்டது. ஓரிடத்தில் அடைத்த நீர் வேறிடத்தில் கசிவது போல என்று சொல்லலாம்.

இரண்டு கட்டைகள் ஒன்றான கதை

இதற்கிடையே வேறொரு கதை தொடங்கிவிட்டது. 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் ஊரில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கிகளை அருகருகே வைத்து இணைத்தார். கடலலைமேல் நிற்பது போலப் பக்கவாட்டில் நின்றுகொண்டு குழந்தைகள் சரிவில் இறங்கினர். அவருடைய மனைவி அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயரிட்டார். பனி, அலைச்சறுக்கு ஆகியவற்றைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் கலவை அது. மறு ஆண்டே பிரன்ஸ்விக் நிறுவனம் அதைச் செய்து விற்கத் தொடங்கியது. 1968இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஸ்னர்ஃபரில் காற்பூட்டே கிடையாது. முனையில் ஒரு கயிறு. அதைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் பலகை தன் வழியே போகும். ஆள் தன் வழியே உருளுவார்.

சிறுவயதில் ஸ்னர்ஃபர் ஓட்டிய ஜேக் பர்ட்டன் கார்பென்டர் 1977இல் வெர்மான்ட்டில் சொந்தமாகப் பலகைகள் செய்யத் தொடங்கினார். அவர் செய்த முக்கிய மாற்றம், காலைப் பலகையோடு கட்டியது. நூர்ஹெய்ம் செய்த அதே செயல், நூறு ஆண்டுக்குப் பின்! 1979இல் ஸ்னர்ஃபர் பந்தயத்துக்கு அவர் காற்பூட்டு வைத்த பலகையோடு போனார். இது ஸ்னர்ஃபர் அன்று என்று எதிர்ப்பு எழுந்தது. தனிப் பிரிவு ஒன்றை உண்டாக்கி அவரைச் சேர்த்தனர். பெரும்பாலான சறுக்குத் தளங்கள் இந்தப் பலகைகளை உள்ளே விடவில்லை. 1983இல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை கதவைத் திறந்தது. 1998இல் ஜப்பானின் நகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு இடம்பெற்றது.

ஏன் இது கழல்வதில்லை?

ஸ்கியின் காற்பூட்டு கழன்றுகொள்கிறது. ஸ்னோபோர்டின் காற்பூட்டோ கழல்வதில்லை. இது கவனக்குறைவா? இல்லை. இங்கே இயற்பியல் வேறு.

ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில், ஏறக்குறைய அரை மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. முன்பு சொன்ன அதே முறுக்கம் பலகைமேல் விழுந்தால், ஒரு காலை அச்சாக்கித் திருகுவதற்குப் பதிலாக, ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளும். ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய 30 கிலோகிராம் எடைக்குச் சமமான பக்க விசை, அவ்வளவுதான். பாடநூலில் ‘இரட்டை’ என்று படிக்கிறோமே, அதுவே இது. இரண்டு கால்களும் ஒன்றையொன்று காக்கின்றன. ஒரு பூட்டு மட்டும் கழன்று மற்றது பிடித்துக்கொண்டால், முழுப் பலகையும் ஒற்றைக் காலில் தொங்கும் நெம்புகோலாகிவிடும். மேலே ஏற்றிச் செல்லும் நாற்காலியில் ஏறி இறங்கும்போது ஒரு காலை மட்டும் பூட்டியிருப்பார்கள். முழங்காலுக்கு ஆபத்தான வேளை அது.

விலை இங்கும் இல்லாமல் போகவில்லை; இடம் மாறியது. விழுபவர் காலை எடுத்து ஊன்ற முடியாது, கையை ஊன்றுகிறார். எனவே ஸ்னோபோர்டுக்காரர்களின் முதற்காயம் மணிக்கட்டில். நார்வேயில் 5,029 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மணிக்கட்டுக் காப்பு அணிவித்துச் சோதித்தனர். 2001இல் வெளியான முடிவு இது: காப்பு அணிந்தவர்களில் 8 பேருக்கும், அணியாதவர்களில் 29 பேருக்கும் மணிக்கட்டில் காயம்.

மற்றொரு விலை கணுக்காலில். தாலஸ் எனும் கணுக்கால் எலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு முனைப்பு உண்டு. பாதம் மேல்நோக்கி மடங்கிய நிலையில் மேலிருந்து பேரழுத்தம் விழுந்தால் அது உடைகிறது. மற்றவர்களிடம் அரிது, ஸ்னோபோர்டுக்காரர்களிடம் அவ்வளவு அரிதன்று. கொலராடோ மாநிலத்தில் 3,213 காயங்களை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட அறிக்கையில், கணுக்கால் முறிவுகள் 216. அவற்றில் 74 இந்த முனைப்பின் முறிவுகள். சாதாரண எக்ஸ்ரே படத்தில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். ‘சுளுக்குத்தான்’ என்று நினைத்து நடமாடியவர்கள் பின்னால் நெடுநாள் வருந்தியது உண்டு.

வளைவு மேலா, கீழா?

இனிப் பலகையின் வடிவத்துக்கு வருவோம். ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்துச் சற்றே வில்லாக வளைத்து, நடு உயர்ந்தும் இரு முனைகள் மேசையில் பட்டும் இருக்குமாறு வையுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் அழுத்தம் முனைகள் வரை பரவும். இதுவே பழைய ஸ்கிகளில் இருந்து ஸ்னோபோர்டுக்கு வந்த ‘கேம்பர்’ என்னும் மேல்வளைவு. விளிம்பு முழுநீளத்துக்கும் பனியைக் கடித்துப் பிடிக்கும். இறுகிய பனியில் இதற்கு இணை இல்லை.

குறையும் அதுவே. ஓட்டுபவர் ஒரு கணம் தவறிக் கீழ்ப்பக்க விளிம்பைப் பதித்துவிட்டால், அதுவும் அதே உறுதியோடு கடிக்கும். பலகை நிற்கும், ஆள் நிற்கமாட்டார். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும் உடலின் இயக்க ஆற்றல், 1.3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடலின் ஆற்றலுக்குச் சமம். வேகம் 36 கி.மீ. ஆனால் 5 மீட்டர் உயரம்! வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போகிறோம். பனியில் அதை உடல் கற்றுக்கொள்கிறது.

2000களின் தொடக்கத்தில் ஷேன் மெக்கான்கி என்ற ஸ்கி வீரர் இந்தப் பழைய வடிவத்தைத் தலைகீழாக்கினார். நீரில் சறுக்கும் பலகைக்கு முனைகள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. ஆழ்ந்த புதுப்பனியும் நீரைப் போலத்தானே என்பது அவர் வாதம். நீர்ச்சறுக்குக் கட்டைகளிலேயே காற்பூட்டுகளைப் பொருத்தி அலாஸ்கா மலைகளில் ஓட்டிப் பார்த்தார். வோலன்ட் நிறுவனம் அவர் எண்ணப்படி ‘ஸ்பாச்சுலா’ என்ற ஸ்கியைச் செய்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ‘ராக்கர்’ எனப்படும் இந்தத் தொட்டில் வளைவு ஸ்னோபோர்டுகளிலும் பரவிவிட்டது. முனைகள் சற்றே தூக்கி நிற்பதால் விளிம்பு எளிதில் சிக்காது. பலகை எளிதாகத் திரும்பும். ஆனால் உறைந்து கண்ணாடியான பனியில் பிடிப்புக் குறைவு. நேராகப் போக நினைக்கும்போதும் காலடியில் அலையும்.

இரண்டுக்கும் இடையே பிறந்தவை கலப்பு வடிவங்கள். நடுவில் தட்டையாகவோ சிறு மேல்வளைவோடோ இருந்து, முனைகள் மட்டும் மேலே எழுபவை.

மீண்டும் ஏறுபவரின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து என் கணுக்காலில் ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டிருந்தேன். கட்டைப் பிரித்த அன்று என் காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கெண்டைச் சதை வற்றியிருந்தது. வீட்டு மாடிப்படியில் இறங்கக் கணுக்கால் மடங்கவில்லை. எலும்பு கூடிவிட்டது என்றார் மருத்துவர்; கால் கூடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வருபவரின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. மனம் பழைய வேகத்தை நினைவில் வைத்திருக்கிறது. தசை அதை மறந்துவிட்டது. கடையில் பலகையைத் தேர்ந்தெடுப்பது மனமாக இருந்தால், அதைச் சுமக்கப்போவது தசை.

8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் திரும்பினால், மையநோக்கு விசையும் எடையும் சேர்ந்து கால்கள் தாங்கவேண்டியது உடல் எடையைப்போல் 1.3 மடங்கு. நொடிக்கு 12 மீட்டர் ஆனால் 2.1 மடங்கு. விறைப்பான பலகை இந்தப் பெருவிசைக்காகவே செய்யப்பட்டது. அதை வளைக்கவே வேகமும் வலுவும் வேண்டும். வலு குறைந்த கால் அதை வளைக்க முடியாமல், அது போகும் வழியில் தானும் போகும். ஆகவே மென்மையிலிருந்து நடுத்தரம் வரையுள்ள வளைதன்மையே ஏற்றது. ஒரு நிறுவனத்தின் ‘5’ மற்றொன்றின் ‘5’ ஆகாது. இதற்குப் பொது அளவுகோல் இல்லை. கையால் வளைத்துப் பார்ப்பதும், வாடகைக்கு எடுத்து ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

நீளத்தை உயரத்தைக் கொண்டு தீர்மானிப்பது பழைய வழக்கம். பலகையை வளைப்பது உயரம் அன்று, எடை. நிறுவனங்கள் ஒவ்வொரு பலகைக்கும் எடை வரம்பு தருகின்றன. படுத்திருந்த மாதங்களில் பலருக்கு எடை கூடியோ குறைந்தோ இருக்கும். பழைய எடையை நினைத்து வாங்காமல், அன்று காலையில் தராசு காட்டும் எடையைப் பார்க்கவேண்டும்.

அகலம் கணுக்காலைப் பொறுத்தது. பலகையின் இடை 25 செ.மீ. என்றால் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 12.5 செ.மீ. தள்ளி இருக்கிறது. 27 செ.மீ. என்றால் 13.5. விளிம்பில் நிற்கக் கணுக்கால் தாங்கும் திருப்புத்திறன் 8 விழுக்காடு கூடுகிறது. நாளெல்லாம், ஒவ்வொரு திருப்பத்திலும். அதற்காக மிகக் குறுகியதை வாங்கினால் பூட்ஸின் முனை பனியில் உரசி ஆளைத் தள்ளிவிடும். பூட்ஸின் நீளத்துக்குப் பொருந்தும் அளவுக்குமேல் அகலம் வேண்டாம் என்பதே விதி.

கணுக்கால் மடங்காவிட்டால் என்ன ஆகும்? 1 மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் குதிப்பவர் 20 செ.மீ. மடங்கி நின்றால் சராசரி விசை எடையைப்போல் 6 மடங்கு. 10 செ.மீ. மட்டுமே மடங்க முடிந்தால் 11 மடங்கு. ஏமி பர்டி என்ற அமெரிக்கப் பெண் 1999இல், 19 வயதில், மூளைக்காய்ச்சலால் முழங்காலுக்குக் கீழே இரு கால்களையும் இழந்தார். செயற்கைக் கால்களோடு மீண்டும் ஸ்னோபோர்டில் ஏறியபோது அவற்றின் கணுக்கால்கள் மடங்கவில்லை. விழுந்தபோது கால்கள் பலகையோடு சரிவில் போய்விட்டன! கிடைத்த மரம், ரப்பர், துருப்பிடித்த ஆணிகள் ஆகியவற்றைக் கொண்டு மடங்கும் பாதங்களைத் தாமே செய்துகொண்டார். 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் பாராலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முதல் இடம்பெற்றபோது வெண்கலப் பதக்கம் வென்றார். வளைய வேண்டியதை வளையவைத்தது அவர் செய்த பொறியியல்.

வளைவின் வடிவத்தில், முனைகள் தூக்கிய கலப்பு வகையே திரும்பி வருபவருக்குப் பொதுவாக நல்லது. விளிம்பு சிக்குவதைக் குறைக்கும். நடுவில் பிடிப்பையும் விடாது. பனி எப்போதும் உறைந்து கிடக்கும் மலையில் ஓட்டுபவர் மேல்வளைவைச் சற்றுக் கூடுதலாக நாடலாம். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் பலகையின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டியவை.

எல்லாக் காயத்துக்கும் கடையில் விடை இருப்பதில்லை. கெவின் பியர்ஸ் என்ற இளம் வீரர் 2009 டிசம்பர் 31 அன்று யூட்டா மாநிலத்தில் பயிற்சியின்போது விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தும் மூளையில் கடுங்காயம். இரண்டு ஆண்டுக்குப் பின் மீண்டும் பனியில் மெல்லச் சறுக்கினார். போட்டிக்குத் திரும்பவில்லை. இன்னொரு அடியை அந்த மூளை தாங்காது. எந்தப் பலகையும் அதை மாற்றாது. திரும்பலாமா என்பது மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி. எதில் திரும்புவது என்பது மட்டுமே கடையில் கேட்கவேண்டியது.

ஜேக் பர்ட்டனுக்கும் அந்த நிலை வந்தது. 2015இல் மில்லர் ஃபிஷர் நோய் என்னும் நரம்புக் கோளாறு அவரைத் தாக்கியது. கண்ணைத் திறக்க முடியாமல், தானாக மூச்சுவிட முடியாமல் வாரக்கணக்கில் கிடந்தார். தேறி, நடக்கக் கற்று, மீண்டும் பலகையில் ஏறினார். 2019இல் மறைந்தார். உலகுக்கே பலகை செய்து கொடுத்தவரும் சரிவின் அடியிலிருந்துதான் மறுபடி தொடங்கவேண்டியிருந்தது.

புதுப் பலகை வாங்கப் போகிறவர் தம்மை ஒரே கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். நான் தவறும்போது இந்தப் பலகை என்ன செய்யும்? மன்னித்து நழுவிவிடுமா, பிடித்து வைத்துக் கணக்குத் தீர்க்குமா? ஒன்றிரண்டு பருவம் கழித்து, கால் தன் வலுவை மீட்டபின், விறைப்பான பலகை அதே கடையில் காத்திருக்கும். பலகை முறிந்தால் இன்னொன்று வாங்கலாம்.